டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சலும் குழந்தைகளின் சிறுநீரகமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெங்குக் காய்ச்சல் கண்ட குழந்தையின் பெற்றோர் முதலில் கேட்பது தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைத்தான். குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று மருத்துவர் கேட்டால் பலருக்கு உடனே பதில் சொல்ல முடிவதில்லை. டெங்குவில் குழந்தையின் உடலுக்குள் நடப்பதைச் சிறுநீர் அளவு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் என்பதாலும், சிறுநீரகப் பாதிப்பில் பெரும்பகுதி தடுக்கக்கூடியது என்பதாலும் இந்தப் பக்கம் எழுதப்படுகிறது. இது சிகிச்சை பெறும் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல.

வைரஸ் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்பது டெங்கு மட்டும்தானா?

இல்லை. எபோலா, லாசா, கிரிமியன்-காங்கோ காய்ச்சல், ஹண்டா வைரஸ் காய்ச்சல், கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உண்ணிகளால் பரவும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. ஆனால் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் குழந்தைகளை அதிகமாகத் தாக்குவது டெங்குதான். அதன் இரத்தக்கசிவு வடிவம் 1953-54இல் மணிலாவிலும் 1958இல் பாங்காக்கிலும் பெருமளவில் குழந்தைகளிடம் கண்டறியப்பட்டது. நோயின் போக்கை நாள்வாரியாகப் பிரித்துப் புரிந்துகொண்டதில் பாங்காக் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்களின் பங்கு மிகப் பெரியது. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,86,000 பேருக்கு டெங்கு பதிவானது. தமிழ்நாட்டில் 2012, 2017 ஆகிய ஆண்டுகளின் பரவலைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கொசு கடித்து வரும் காய்ச்சல் சிறுநீரகத்தை எப்படிப் பாதிக்கிறது?

வைரஸ் நேராகச் சிறுநீரகத்துக்குள் போய் அதை அழித்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளிடம் நடப்பது வேறு. டெங்குவின் அடிப்படைக் கோளாறு, நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் ஓரிரு நாட்களுக்குக் கசிவது. வைரஸ் வெளியிடும் என்எஸ்1 என்ற புரதமும், அதற்கு எதிராக உடல் காட்டும் மிகையான எதிர்வினையும், அந்தச் சுவரின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலத்தைச் சிதைக்கின்றன. அதனால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா, நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும் கசிந்து சேர்கிறது. குழாய்களுக்குள் ஓடும் இரத்தம் அளவில் குறைந்து, கெட்டியாகிறது.

இந்நிலையில் மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் குறையாமல் இருக்க, உடல் தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் இரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. சிறுநீரகமும் தன் பங்குக்கு உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. ஆகவே சிறுநீர் முதலில் குறைவது சிறுநீரகம் கெட்டதால் அல்ல. அது தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான். இந்தக் கட்டத்தில் இழந்த நீர்ச்சத்தை ஈடுகட்டினால் சில மணி நேரத்தில் சிறுநீர் பழையபடி இறங்கும். சிறுநீரகத்துக்கு எந்தச் சேதமும் இருக்காது. இதைக் கவனிக்காமல் விட்டு, இரத்த ஓட்டக் குறைவு மணிக்கணக்கில் நீண்டால், பிராணவாயு கிடைக்காமல் சிறுநீரகத்தின் நுண்குழல்களின் செல்கள் இறக்கத் தொடங்கும். அதன்பின் எவ்வளவு திரவம் கொடுத்தாலும் சிறுநீர் உடனே வராது. டெங்குவில் குழந்தைகளுக்கு வரும் கடுமையான சிறுநீரகச் செயலிழப்பில் பெரும்பகுதி இப்படித்தான் உண்டாகிறது. முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

வேறு வழிகளும் உண்டு. தசைகள் சிதைந்து அவற்றின் நிறமி சிறுநீரகக் குழல்களை அடைப்பது, சிவப்பணுக்கள் உடைவது, வயிற்றுக்குள் நீர் நிறைந்து அதன் அழுத்தத்தால் சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்கள் நசுங்குவது, வடிகட்டும் முடிச்சுகளில் நோயெதிர்ப்புப் பொருட்கள் படிந்து அழற்சி உண்டாவது ஆகியவை அவை. தேவையற்ற வலி மருந்துகளால் வரும் பாதிப்பைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இனி பயமில்லை அல்லவா?

டெங்குவில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய நேரமே அதுதான். காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், பெரும்பாலும் உடல் சூடு தணியும் வேளையில், பிளாஸ்மா கசிவு தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கிறது. சாதாரண வைரஸ் காய்ச்சலில் சூடு தணிந்ததும் குழந்தை எழுந்து விளையாடும், பசிக்கிறது என்று கேட்கும். டெங்கு முற்றும் குழந்தையோ சூடு தணிந்த பிறகு மேலும் சோர்ந்து படுக்கும். வயிறு வலிக்கிறது என்று அழும், தொடர்ந்து வாந்தி எடுக்கும், கை கால்கள் ஜில்லென்று இருக்கும், சிறுநீர் குறையும். ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலும், மலம் கருப்பாகப் போனாலும், குழந்தை காரணமின்றி அமைதியிழந்து புரண்டாலும் அவையும் அபாய அறிகுறிகளே.

குழந்தை பேசுகிறது, கேட்டதற்குப் பதில் சொல்கிறது என்பதால் ஏமாந்துவிடக் கூடாது. இரத்த அழுத்தம் இறங்கும் தறுவாய் வரை குழந்தைகள் தெளிவாகவே பேசுவார்கள். உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலையை மருத்துவர்கள் அதிர்ச்சி நிலை (ஷாக்) என்கிறார்கள். அதன் தொடக்கத்தில் மேல் அழுத்தம் இறங்காமல் கீழ் அழுத்தம் மட்டும் ஏறி, இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே குறுகும். 100/82 என்ற அளவு எண்ணாகப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் டெங்குக் குழந்தைக்கு அது அதிர்ச்சி நிலை.

சிறுநீர் எவ்வளவு போனால் போதும்? வீட்டில் அதை எப்படி அளப்பது?

நலமாக இருக்கும் குழந்தைக்கு எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்குச் சுமார் 1 மி.லி. அல்லது அதற்கு மேல் சிறுநீர் இறங்கும். மருத்துவமனையில், கசிவு நடக்கும் கட்டத்தில், கிலோவுக்கு மணிக்கு 0.5 முதல் 1 மி.லி. வரை இருந்தால் போதுமென்று வைத்துக்கொள்கிறார்கள். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கணக்கிட்டால், ஆறு மணி நேரத்தில் 45 மி.லி.க்குக் கீழே போவது கவலைக்குரியது. அது ஒரு சிறிய காபி டம்ளரில் பாதிகூட வராது.

வீட்டில் இவ்வளவு நுட்பமாக அளக்கத் தேவையில்லை. குழந்தை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா, அதன் நிறம் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு முறையும் நேரத்தைக் குறித்து வையுங்கள். இரவில் தூங்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "ராத்திரி பத்து மணிக்குப் போனான், அப்புறம் போகவேயில்லை" என்று மறுநாள் காலை பத்து மணிக்குச் சொன்னால் பன்னிரண்டு மணி நேரம் கடந்துவிட்டது என்று பொருள். டெங்குக் குழந்தையை நள்ளிரவில் ஒருமுறை எழுப்பி, குடிக்கக் கொடுத்து, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதில் தவறேதும் இல்லை.

டயாப்பர் போடும் குழந்தையாக இருந்தால், சமையலறையில் பயன்படுத்தும் டிஜிட்டல் தராசு உதவும். புதிய டயாப்பரின் எடையை ஒருமுறை குறித்துக்கொண்டு, நனைந்ததன் எடையிலிருந்து அதைக் கழித்தால், மிஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மி.லி. சிறுநீர். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இன்றைய டயாப்பர்கள் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் மேற்புறம் காய்ந்திருப்பது போலத் தோன்றும்.

ஆறு மணி நேரம் சிறுநீர் வரவில்லையென்றால் மறுநாள் வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கை கால் குளிர்ச்சியோ, ஓயாத வாந்தியோ, வயிற்று வலியோ சேர்ந்திருந்தால் ஆறு மணி நேரம் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108ஐயும் இலங்கையில் 1990ஐயும் அழையுங்கள்.

கிரியாட்டினின் 0.9 என்று வந்திருக்கிறது. அறிக்கையில் "இயல்பு" என்றுதானே அச்சிட்டிருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இங்கேதான் பல பாதிப்புகள் கண்ணில் படாமல் போகின்றன. கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. தசை குறைவாக உள்ள சிறு குழந்தைக்கு அது இயல்பாகவே மிகக் குறைவாக இருக்கும். இரண்டு, மூன்று வயதில் டெசிலிட்டருக்கு 0.2 முதல் 0.4 மி.கி. வரைதான். ஆனால் பல ஆய்வகங்களின் அறிக்கையில் ஓரத்தில் அச்சிடப்படும் 0.6–1.2 போன்ற அளவு பெரியவர்களுக்கானது.

நூறு செ.மீ. உயரமுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கான கணக்கின்படி, உயரத்தை 0.413ஆல் பெருக்கி, கிரியாட்டினினால் வகுத்தால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் தோராயமாகக் கிடைக்கும். கிரியாட்டினின் 0.4 ஆக இருக்கும்போது திறன் 103; முழு ஆரோக்கியம். அதே குழந்தைக்கு 0.9 ஆகும்போது அது 46. அறிக்கை "இயல்பு" என்று சொல்லும் அந்த எண்ணில், சிறுநீரகத்தின் திறன் பாதிக்கும் கீழே போயிருக்கிறது. கிரியாட்டினின் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கும் கடும் நோயில் இந்தக் கணக்கு துல்லியமாக இராது. உண்மை நிலை இதைவிட மோசமாகக்கூட இருக்கலாம்.

அதனால்தான் மருத்துவர்கள் ஒற்றை எண்ணைவிட ஏற்றத்தைப் பார்க்கிறார்கள். 48 மணி நேரத்துக்குள் 0.3 மி.கி. கூடினாலோ, ஏழு நாட்களுக்குள் முந்தைய அளவைப்போல் ஒன்றரை மடங்கு ஆனாலோ, சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.க்குக் கீழே ஆறு மணி நேரம் நீடித்தாலோ அது கடும் சிறுநீரகப் பாதிப்பு என்று கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற பன்னாட்டுச் சிறுநீரக அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வரையறுக்கிறது. குழந்தைக்கு முன்பு எப்போதாவது எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கை வீட்டில் இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய எண் ஒன்று கிடைத்தால் புதிய எண்ணின் பொருள் தெளிவாகிவிடும்.

இன்னொன்று: கிரியாட்டினின் பின்தங்கியே ஏறும். சிறுநீரகத்துக்கு அடி விழுந்த பிறகு அது இரத்தத்தில் தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். சிறுநீர் அளவு அதற்கு முன்பே குறைந்திருக்கும்.

தட்டணுக்கள் குறைவதுதானே பெரிய ஆபத்து?

தட்டணு எண்ணிக்கை நோயின் போக்கைக் காட்டும் ஓர் அடையாளம். அது ஒரு லட்சத்துக்குக் கீழே வேகமாக இறங்கும்போது கசிவு நெருங்குகிறது என்று மருத்துவர் எச்சரிக்கை அடைவார். ஆனால் டெங்குவில் இறக்கும் குழந்தைகளில் மிகுதியானோர் கசிவால் வரும் அதிர்ச்சியிலும், அது நீடித்ததால் வரும் உறுப்புச் செயலிழப்பிலும் பெரும் இரத்தப்போக்கிலுமே இறக்கிறார்கள். தட்டணு எண் மட்டும் யாரையும் கொல்வதில்லை. இரத்தம் கசியாத குழந்தைக்கு எண்ணைப் பார்த்துத் தட்டணு ஏற்றுவதால் பயன் இல்லை. தேவையற்ற திரவச் சுமையும் கூடும்.

அறிக்கையில் தட்டணுவுக்குப் பக்கத்திலேயே ஹெமட்டோகிரிட் அல்லது பி.சி.வி. என்று ஓர் எண் இருக்கும். இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு சிவப்பணுக்கள் என்பதை அது காட்டும். அதைக் கேளுங்கள். 35 ஆக இருந்தது 42 ஆனால், ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. இரத்தம் கெட்டியாகிறது, பிளாஸ்மா கசிகிறது. உயரும் ஹெமட்டோகிரிட்டும் குறையும் சிறுநீரும் சேர்ந்து வந்தால் சிறுநீரகத்துக்கு இரத்தம் போதவில்லை என்பதில் ஐயமில்லை. மாறாக, குழந்தை சோர்ந்துகொண்டே போக ஹெமட்டோகிரிட் சட்டென்று இறங்கினால் உள்ளுக்குள் எங்கோ இரத்தம் போகிறதா என்று மருத்துவர் தேடுவார்.

சிறுநீரில் புரதமும் இரத்தமும் இருக்கிறது என்கிறார்கள். இது நிரந்தரமா?

பெரும்பாலும் இல்லை. குழாய்ச் சுவர் கசியும் நாட்களில் சிறுநீரகத்தின் வடிகட்டியிலும் அதே தளர்ச்சி ஏற்படுவதால் சிறிதளவு புரதம் வெளியேறுகிறது. சிவப்பணுக்களும் சில தென்படலாம். குழந்தை தேறியதும் இவை தாமாகவே மறையும். எவ்வளவு புரதம் என்பதை அறிய, ஒருமுறை எடுத்த சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அது 0.2க்குக் கீழே இருப்பது இயல்பு. விகிதம் 2ஐத் தாண்டினாலோ, முகம் வீங்கி இரத்த அழுத்தமும் உயர்ந்தாலோ, வடிகட்டும் முடிச்சுகளில் அழற்சி இருக்கிறதா என்று குழந்தைகள் சிறுநீரக மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும்.

பூப்பெய்திய பெண் குழந்தைக்கு மாதவிடாய் நாட்களில் எடுத்த சிறுநீரில் இரத்தம் தெரிவது இயல்பு. ஆய்வகத்தில் சொல்லத் தயங்க வேண்டாம். டெங்குவின்போது மாதவிடாய் இரத்தப்போக்கு மிகுதியாகலாம் என்பதால் மருத்துவரிடமும் அதைச் சொல்லியாக வேண்டும்.

சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் போகிறது. காரணம் என்ன?

இது உடனே பார்க்க வேண்டிய அறிகுறி. சோதனைப் பட்டை "இரத்தம் உண்டு" என்று காட்டி, நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்களே இல்லையென்றால், அங்கே இருப்பது இரத்தம் அல்ல, நிறமி. சிதைந்த தசையிலிருந்து வந்த மயோகுளோபினாக இருக்கலாம். அப்போது குழந்தை தொடையும் கெண்டைக்காலும் தொட முடியாத அளவுக்கு வலிக்கிறது என்று சொல்லும், இரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதி மிகவும் உயர்ந்திருக்கும். அல்லது உடைந்த சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினாக இருக்கலாம், பிறவியிலேயே ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு டெங்குவின்போது இப்படி நேர்வதுண்டு. இரண்டு நிறமிகளுமே சிறுநீரகக் குழல்களுக்கு நஞ்சு. போதிய திரவம் கொடுத்து அவற்றைக் கழுவி வெளியேற்றுவதுதான் சிகிச்சை. ஆனால் கசிவு நடக்கும் நேரத்தில் அதை மிகக் கவனமாகச் செய்ய வேண்டும். குடும்பத்தில் யாருக்கேனும் ஜி6பி.டி. குறைபாடு இருந்தால் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள். பீட்ரூட், கருஞ்சிவப்புப் பழச்சாறு, கோலா போன்றவற்றை இந்த நாட்களில் கொடுக்காமல் இருப்பது நல்லது; வாந்தியிலும் சிறுநீரிலும் நிறம் மாறினால் உண்மைக் காரணத்தைப் பிரித்தறிய முடியாமல் போகும்.

காய்ச்சலுக்கு எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பாராசிட்டமால் மட்டும். எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு வேளைக்கு மிகாமல். பாட்டிலில் அச்சிட்டிருக்கும் செறிவைப் படியுங்கள், 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. பழைய பாட்டிலின் அளவிலேயே புதியதை ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். டெங்குவில் கல்லீரலும் பாதிக்கப்படுவதால் இது சிறிய விஷயமல்ல. பாராசிட்டமால் கொடுத்தும் சூடு முழுவதும் இறங்காமல் இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிடுங்கள். அடுத்த வேளையை முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் ஆகியவற்றை அறவே கொடுக்கக் கூடாது. அவை இரத்தக்கசிவைக் கூட்டும் என்பது பலருக்குத் தெரியும். சிறுநீரகத்துக்கு அவை செய்யும் கெடுதல் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. இரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகம் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து தன் குழாய்களைத் திறந்து வைத்துக்கொள்கிறது. இந்த மருந்துகள் அந்தச் சுரப்பையே நிறுத்திவிடுகின்றன. நீர்ச்சத்து இழந்த குழந்தைக்கு இரண்டு வேளை கொடுத்தாலும் சிறுநீரகம் அடிவாங்கலாம். சிக்கல் என்னவென்றால், பாராசிட்டமாலுடன் ஐபுபுரூஃபனோ மெஃபனமிக் ஆசிடோ கலந்த சிரப்புகள் மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. பெயரில் அது தெரிவதில்லை. "சீக்கிரம் காய்ச்சல் இறங்கும் மருந்து" என்று கேட்டு வாங்குவதை மழைக்கால மாதங்களில் முற்றாக நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் அந்தப் பாட்டிலையே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மறைக்க வேண்டாம், யாரும் குற்றம் சொல்வதற்காகக் கேட்பதில்லை.

தசையில் போடும் ஊசிகளும் ஸ்டீராய்டும் தேவையில்லை. ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பாக்டீரியா தொற்றுக்கான தெளிவான காரணம் இல்லாமல் டெங்குவுக்கு அவற்றைப் போடக் கூடாது.

இளநீர், கஞ்சி, நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு?

குழந்தை ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கும்வரை கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். கரைசல், இளநீர், பழச்சாறு எல்லாம் நல்லவையே. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் கொடுத்தால் இரத்தத்தில் சோடியம் குறையும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் எழுதியிருக்கும் அளவு நீரிலேயே கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது ஆபத்து.

சிறுநீர் நின்றுபோன குழந்தைக்கு இளநீர் வேண்டாம். அதில் பொட்டாசியம் மிகுதி; வெளியேற வழியில்லாத பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பெரும்பாலான பழச்சாறுகளுக்கும் இது பொருந்தும்.

நிலவேம்புக் குடிநீரைத் தமிழக அரசே பரவல் காலங்களில் வழங்கியிருக்கிறது. அதைக் குடித்திருக்கிறான், ஆகவே பொறுத்துப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்துவதுதான் தவறு. பப்பாளி இலைச்சாறு பல குழந்தைகளுக்கு வாந்தியைத் தூண்டுகிறது. வாந்தி எடுத்து நீர்ச்சத்தை மேலும் இழப்பது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல.

நிறைய டிரிப்ஸ் ஏற்றினால் சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம் அல்லவா?

குறைவாகக் கொடுத்தாலும் கேடு, அளவு மீறினாலும் கேடு. ஏற்றும் திரவத்தில் ஒரு பகுதி கசிந்து நுரையீரலைச் சுற்றியும் வயிற்றிலும் சேர்கிறது என்பதை மறக்கக் கூடாது. இலங்கையிலும் தாய்லாந்திலும் மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: கசிவுக் கட்டம் முழுவதற்கும் சேர்த்து, ஒரு நாளின் இயல்பான தேவையும் உடல் எடையில் ஐந்து சதவீதமும். 15 கிலோ குழந்தைக்கு முதல் பத்து கிலோவுக்கு 1000 மி.லி., அடுத்த ஐந்து கிலோவுக்கு 250 மி.லி., ஐந்து சதவீதத்துக்கு 750 மி.லி.; ஆக 2000 மி.லி. வாயால் குடிப்பதும் இதற்குள் அடங்கும். ஹெமட்டோகிரிட்டையும் சிறுநீரையும் பார்த்துப் பார்த்து, மணிக்கு மணி அளவைக் கூட்டியும் குறைத்தும் கொடுக்கிறார்கள். செவிலியர் அடிக்கடி வந்து டிரிப்ஸின் வேகத்தைக் குறைப்பது அக்கறையின்மையால் அல்ல.

எந்தத் திரவம் என்பதும் முக்கியம். நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் போன்றவைதான் தொடக்கத்தில் தேவை. மக்கள் வழக்கில் எல்லாவற்றையும் "குளுக்கோஸ்" என்று சொன்னாலும், வெறும் குளுக்கோஸ் நீர் குழாய்க்குள் தங்காது. தவிர, இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது நீரை இழுத்துக்கொண்டு சிறுநீரில் இறங்கும். அதிர்ச்சி நிலையில் உள்ள குழந்தைக்கும் சிறுநீர் நன்றாகப் போவதுபோல் தோன்றி நம்மை ஏமாற்றும்.

சிறுநீர் வரவில்லை. "யூரின் போக ஊசி" போடச் சொல்லலாமா?

அப்படிக் கேட்டு வற்புறுத்தாதீர்கள். ஃபுரோசமைடு என்ற அந்த மருந்து, குழாய்க்குள் நீர் குறைந்திருக்கும் குழந்தைக்குப் போட்டால், மிஞ்சியிருக்கும் கொஞ்சத்தையும் வெளியேற்றி அதிர்ச்சி நிலையை ஆழப்படுத்தும். திரவம் மிகுந்து நுரையீரலில் நீர் சேரும் கட்டத்தில் அதே மருந்து உயிர் காக்கும். எந்தக் கட்டம் என்பதை நாடியையும் அழுத்தத்தையும் ஹெமட்டோகிரிட்டையும் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார்.

முகமும் வயிறும் வீங்கியிருக்கின்றன. சிறுநீரகம் பழுதாகிவிட்டதா?

கசிந்த பிளாஸ்மாவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கசிவு நின்ற பின் அது தானாகவே குழாய்க்குள் திரும்பும். அந்த இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் தாராளமாக இறங்கும், பசி எடுக்கும், வீக்கம் வடியும். இந்தக் கட்டத்திலும் டிரிப்ஸை நிறுத்தாமல் ஓடவிட்டால்தான் மூச்சுத்திணறல் வரும்.

டயாலிசிஸ் தேவைப்படுமா?

டெங்கு கண்ட குழந்தைகளில் மிகச் சிலருக்கே தேவைப்படும். மருந்துக்குக் கட்டுப்படாத பொட்டாசியம் உயர்வு, இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுதல், நுரையீரலில் நீர் நிறைந்தும் சிறுநீர் வராமை ஆகியவைதான் முக்கியமான காரணங்கள். சிறு குழந்தைகளுக்கு வழக்கமாக வயிற்றுக்குள் குழாய் விட்டுச் செய்யும் டயாலிசிஸ் எளிது; ஆனால் டெங்குவில் அந்த இடத்தில் இரத்தம் கசியும் ஆபத்து இருப்பதால், வசதி உள்ள இடங்களில் இரத்தத்தை மெதுவாக, தொடர்ச்சியாகச் சுத்திகரிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. எனவே சிறுநீர் நின்ற குழந்தையைச் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல நிறுவனம் போன்ற பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டுமென்று மருத்துவர் சொன்னால், நாடித்துடிப்பு நிலையாக இருக்கும்போதே புறப்படுவது நல்லது. இது ஆயுள் முழுவதற்குமான டயாலிசிஸ் அல்ல. நுண்குழல் செல்கள் மீண்டும் வளரக்கூடியவை. சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ சிறுநீர் திரும்புவதையே பெரும்பாலும் எதிர்பார்க்கிறோம்.

டெங்குதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

சிறுநீரகப் பாதிப்பு மற்ற அறிகுறிகளைவிட மேலோங்கி நிற்கும்போது மருத்துவர் வேறு நோய்களையும் தேடுவார். எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் நடந்த குழந்தைக்கு லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். கண் சிவந்து, மஞ்சள் காமாலையும் சேரும். உடலின் மடிப்புகளில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருந்தால் அது நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். தமிழ்நாட்டில் இது அரிதல்ல. அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் ஆடையை நீக்கிப் பார்த்தால்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் நல்ல ஆன்டிபயாட்டிக் உண்டு என்பதால் தவறவிடக் கூடாது. மலேரியாவையும் பார்த்துவிடுவார்கள்.

சிறுநீரகத்தையே முதன்மையாகத் தாக்கும் இரத்தக்கசிவுக் காய்ச்சல் ஹண்டா வைரஸுடையது. கொரியப் போரின்போது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஐ.நா. படையினரை அது தாக்கியது. அதற்குக் காரணமான வைரஸ் 1970களின் பிற்பகுதியில்தான் கண்டறியப்பட்டது. வியப்பான செய்தி, அதற்கும் முன்பே 1964இல் வேலூரின் தோட்டப்பாளையத்தில் ஒரு மூஞ்சூறிலிருந்து பிரிக்கப்பட்ட வைரஸ் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரியவந்தது. அது மனிதருக்கு நோய் உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. நம் ஊர்க் குழந்தைக்கு மழைக்காலக் காய்ச்சலில் சிறுநீர் குறைந்தால் முதலில் நினைக்க வேண்டியவை டெங்கு, லெப்டோஸ்பைரோசிஸ், ஸ்க்ரப் டைஃபஸ் ஆகியவையே.

கைக்குழந்தைகளும் பருமனான குழந்தைகளும் கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்களா?

ஆம். நான்கு மாதம் முதல் ஒரு வயது வரையிலான குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த டெங்கு எதிர்ப்பொருள் தேய்ந்து, முதல் தொற்றே கடுமையாகலாம். பருமனான குழந்தைக்கு உண்மையான எடையை வைத்துத் திரவத்தைக் கணக்கிட்டால் அளவு மிஞ்சிவிடும் என்பதால், வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்ற எடையைக் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

என் குழந்தைக்கு ஏற்கெனவே நெஃப்ராட்டிக் நோய் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

காய்ச்சலின் முதல் நாளே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசுங்கள். சிறுநீரில் புரதத்தை இழக்கும் குழந்தைக்குக் குழாய்க்குள் நீர் ஏற்கெனவே குறைவாக இருக்கலாம். கசிவும் சேர்ந்தால் விரைவில் நிலை மோசமாகும். நீண்ட நாட்களாக ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டெங்குவுக்கு ஸ்டீராய்டு தேவையில்லை என்று மேலே சொன்னது இவர்களுக்குப் பொருந்தாது. எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மருந்துகளையோ, சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டிருந்தால், வாந்தியும் நீரிழப்பும் இருக்கும்போது அவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

மருத்துவமனையில் கிரியாட்டினின் உயரவே இல்லை, சிறுநீரும் சாதாரணமாக இருந்தது என்றால் சிறுநீரகத்துக்கென்று தனியான தொடர் பரிசோதனை தேவையில்லை. உயர்ந்திருந்தால், அது பழைய அளவுக்குத் திரும்பும்வரை இரத்தப் பரிசோதனையைத் தொடர வேண்டும். மூன்று மாதம் கழித்து ஒருமுறை இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். குழந்தை நன்றாக ஓடியாடுகிறது என்பதற்காக இந்தப் பரிசோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். சிறுநீரகத்தில் தங்கிவிட்ட பாதிப்பு வலிக்காது, வெளியே தெரியாது. குழந்தைகளுக்கான சிறிய பட்டையைக் கொண்டு இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கான அகன்ற பட்டை உண்மை அளவைவிடக் குறைத்துக் காட்டும்.

வெளியேற்றச் சீட்டில் "டெங்கு" என்று மட்டும் எழுதியிருந்தால், சிறுநீரகப் பாதிப்பு இருந்ததையும் உச்ச கிரியாட்டினின் அளவையும் அதில் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். சில ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர் அந்தக் குழந்தைக்கு மருந்தின் அளவை முடிவு செய்யும்போது அந்த ஒரு வரி தேவைப்படும்.